மில்னர் பண்ணையின் இளைய அறை

மரே பிரிட்ஜ்,
மே 9.

அன்புள்ள பிரைடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாகத்தான் இருக்கிறேன், இங்கே மே மாதக் குளிர் தொடங்கியதும் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. கல்கூர்லியில் தூசி குறைந்ததா? பெயின்ட் கடையில் நாள் முழுக்க நிற்கிறாய். மெத்தென்ற செருப்பாக ஒன்று வாங்கிக்கொள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் காளான் என்று நான் வாயெடுத்ததுமே, "அப்பா, கடைல ஆள் வந்துட்டாங்க, வைக்கிறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்று நம்புகிறேன். நான் பேச்சைச் சுற்றி வளைப்பவன் என்று உன் அம்மா சொல்வாள். அதனால் எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பயிற்சிக் கமிட்டியில் நான் ஏன் சேர்ந்தேன்.
2. கார்த் மில்னரின் பண்ணையில் என்ன நடந்தது.
3. அதன்பின் கமிட்டி என்ன முடிவு எடுத்தது.
4. இதில் கார்த்தைத் தவிர யாருக்கும் கெடுதல் இல்லை என்பது.

முதலாவது. உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அன்று நான் எங்கே நின்றேன் என்பது உனக்குத் தெரியாது. உன் ஆறு மாதப் பயிற்சி முடிந்த அன்று, கார்த்தின் காளான் பண்ணை முற்றத்தில் எல்லோருக்கும் சாசேஜ் சுட்டார்கள். நான் வெங்காயம் வதக்கும் தட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பறிக்கும் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வந்திருந்தார்கள். கார்த் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "நம்ம பட்டதாரி அம்மா பூட்ஸோட ஊர்வலம் போயி என் மூணு ரூமைக் காலி பண்ணிட்டாங்க. அடுத்த வேலைக்காவது சின்னதா அடி வைக்கட்டும்." பெட்டிக்குள் ரிப்பன் கட்டிய, குழந்தைகள் போடும் இளஞ்சிவப்பு ரப்பர் பூட்ஸ் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதைக் கேட்ட பண்ணைகள் எதுவும் உன்னை எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டக்கலை படித்த பெண் கல்கூர்லியில் பெயின்ட் விற்கப் போனாள்.

நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். புதிதாகக் காளான் படுக்கை போட்ட இளைய அறைகளுக்கு முதலில் போகவேண்டும், பலமுறை பறித்து முடிந்த பழைய அறைகளுக்குக் கடைசியில்தான் போகவேண்டும், பழையதில் சேர்ந்த நோய் காலோடும் கையோடும் இளையதற்கு வந்துவிடும் என்று என் வீட்டிலேயே சட்டம் போட்டவள் நீ. "பாத்ரூம்ல மிதிச்ச காலோட கிச்சனுக்கு வராதீங்கப்பா" என்று என்னை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறாய். பண்ணையைப் பார்க்கச் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வந்தவர்களைக் கார்த்தே பழைய அறையிலிருந்து இளைய அறைக்கு என்று தலைகீழ் வரிசையில் அழைத்துப் போனார் என்று நீ சொன்னாய். அவர் இல்லை என்றார். ஊர் அவரை நம்பியது.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய மாதமே கமிட்டித் தலைவி யுவோன் பாஸ்கோ என்னிடம், "கெல்வின், கூட்டத்துக்குக் குறிப்பெழுத ஆள் கிடைக்காம திண்டாடுறோம், நீங்க சும்மாத்தானே இருக்கீங்க" என்றாள். எனக்குக் கூட்டங்கள் என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். உடனே சரி என்றேன். எந்தப் பண்ணைக்குப் பயிற்சி மாணவர்களை அனுப்பலாம் என்று முடிவு செய்யும் கமிட்டி அது. கார்த் என்றாவது வந்து கேட்பார். அதுவரை குறிப்பெழுதினேன், கூட்டத்தில் டீயோடு தரும் ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது. கேட்டார். இரண்டு பேர் வேண்டும் என்று விண்ணப்பித்தார். போன மாதம் பண்ணையைப் பார்க்கப் போனோம். வாசலில் வெள்ளை அங்கியும் பூட்ஸும் தலைக்கு வலையும் கொடுத்தார்கள். "வாங்க வாத்தியாரே, வலைக்குள்ள உங்க வழுக்கைகூட காளான் மாதிரி அழகா இருக்கு" என்றார் கார்த். நானும் சிரித்தேன்.

மேல் படுக்கைகளில் காளான் பறிக்க, மேலும் கீழும் நகரும் வண்டி ஒன்றை அவர் புதிதாக வாங்கியிருக்கிறார். அது அன்று பழைய அறையில் நின்றது. அதைக் காட்டும் ஆசையில் எங்களை நேராக அங்கேதான் அழைத்துப் போனார். படுக்கையில் அங்கங்கே உப்பு கொட்டியிருந்தது. நோய் கண்ட காளானை உப்பால் மூடுவார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூடாத சில, முகம் கோணி வெங்காயம் போல வீங்கியிருந்தன. பறிக்கும் பெண்களுக்குத் தலைவி லியென் அங்கிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தாள்.

வெளியே வந்ததும் கார்த், "இப்ப என் செல்லக் குட்டிகளைப் பாருங்க" என்றபடி நடைபாதையில் இளைய அறைப் பக்கம் திரும்பினார். காலை நனைக்க வேண்டிய மருந்துத் தொட்டி காய்ந்து கிடந்தது. அவரே கதவைத் திறந்தார். அவர் உள்ளே போனார், யுவோன் போனாள், மற்றவர்கள் போனார்கள். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"நான் வரல, கார்த். என் பூட்ஸ் பழைய ரூம்ல இருந்து வருது."

"அட, சும்மா வாங்க வாத்தியாரே. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நாள் வெண்ணெய் தடவினேன். "ஒண்ணும் ஆகாதுன்னா, என் பொண்ணு நடந்தா மட்டும் மூணு ரூம் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். 

யுவோன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். எங்களோடு நடைபாதைக்கு வந்திருந்த லியென் எனக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "போன வருஷம் சூப்பர்மார்க்கெட்காரங்களையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு கதவை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. இவருதான் தள்ளி நில்லுன்னாரு."

"லியென், நீ உன் வேலையைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காளான் பறிக்கத்தானே சம்பளம் தர்றீங்க? பொய் சொல்றதுக்குத் தனியா எதுவும் தரலையே."

கார்த்தின் கழுத்து சிவக்கத் தொடங்கியது. முதலில் காலருக்கு மேலே, பிறகு காதுவரை, பிறகு வலைக்குள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அன்று துளியும் வரவில்லை.

மூன்றாவது. மில்னர் பண்ணைக்கு இனிப் பயிற்சி மாணவர்கள் இல்லை. தவறு உன்னுடையது அல்ல என்று அதே முற்றத்தில், அதே பெண்கள் முன்னால் கார்த் தன் வாயால் சொல்லவேண்டும் என்றாள் யுவோன். சொன்னார். முனகலாகச் சொன்னார். "பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல" என்று யாரோ குரல் கொடுத்ததும் மறுபடி சொன்னார். நான் குறிப்பெழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததே இல்லை.

இரண்டு வாரத்தில் அந்த இளைய அறையிலும் நோய் வந்தது. முழு அறையையும் ஆவி விட்டு அவித்து, அள்ளிக் கொட்டினார்கள். செய்தி கேட்டதும் நான் இன்னொரு கோப்பை டீ போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. ரென்மார்க்கில் ஆரஞ்சுப் பண்ணை நடத்தும் ஒரு பெண்மணி, ஜூலையில் தொடங்கும் பயிற்சிக்கு உன்னைக் கேட்கிறார். நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும். ஆனால் நீயே பேசவேண்டும் என்கிறாள் யுவோன். அவளுக்கு ஒரு போன் செய், பிரைடி. எனக்காக வேண்டாம். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய். உன் அறையில் நான் எதையும் மாற்றவில்லை. ஹீட்டரை மட்டும் சரி செய்து வைத்திருக்கிறேன்.

நான்காவதை எழுத உட்காருவதற்கு முன் ரொட்டி வாங்கப் போனேன். லியென் அங்கே நின்றாள். அந்த அறையில் பறிக்கவேண்டிய பெண்களுக்கு இந்த வாரம் வேலை இல்லையாம். அவளுடைய நாத்தனாரும் அதில் ஒருத்தி. கோபமாகச் சொல்லவில்லை. "அவர் எங்க போறார்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? கதவைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கலாமே" என்றாள்.

தெரியும். நடைபாதையிலேயே தெரியும். அவர் கையாலேயே திறக்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கதவை மறித்து நின்றாய். நான் திறக்கும்வரை காத்திருந்தேன்.

கார்த்தைத் தவிர யாருக்கும் கெடுதல் இல்லை என்று எழுதிய நான்காவது தவறு, மகளே. மற்ற மூன்றில் ஒரு வரியையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. நீயாவது, நடப்பதற்கு முன்பே வாய்திறக்கும் உன் அம்மாவைப் போலவே இரு.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா