அடித்த பிறகு செய்யும் ஜெபம்

ராஜபாளையம்
9.9.2025

அன்புள்ள மகன் எட்வினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த ஒரு வரிக்கே அரைமணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சுகமாக இல்லை. உன் மனைவிக்கு இடது காதில் சவ்வு கிழிந்திருக்கிறது. நீ சுகமா என்று கேட்கவும் மனசு வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, பெற்றுத் தொலைத்துவிட்டேனே. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், பிப்ரவரியிலும் அப்படித்தான் ஆனது. காகிதத்தில் அழுகை கேட்காது. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், கடைசி வரைக்கும் படி.

விஜி போன மாதம் பன்னிரண்டாம் தேதி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புனேயிலிருந்து கிளம்பி, மதுரையில் ரயில் இறங்கி பஸ் பிடித்து மத்தியானம் நம் வாசலில் வந்து நின்றாள். மாற்றுத் துணிகூடக் கிடையாது. அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் அங்கேதான் போயிருப்பாள், அடித்தவனைப் பெற்ற வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள். உன் அம்மா நேரே வெந்நீர் போடப் போய்விட்டாள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டே இருந்ததைப் பார்த்து நான்தான் காதில் என்னம்மா என்று கேட்டேன். அவிய அடிச்சுட்டாவ மாமா என்றாள், அவ்வளவுதான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா விஜியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான் சொல்லிவிட்டேன். சபையில் கமிட்டி மெம்பர், ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவன், கண் இமைக்காமல் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம். டாக்டரம்மா அதையே சீட்டில் எழுதினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் உன் அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே விஜியிடம் சொன்னாள், எனக்குக் கை ஒடிஞ்சப்பவும் இவிய இதேதான் சொன்னாவ, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு, அப்ப நம்ம வீட்டுல பாத்ரூமே கிடையாது என்று. ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

அந்தக் கை ஒடிந்தபோது உனக்கு ஆறு வயது, கட்டிலுக்கு அடியில் இருந்தாய், நான் மறக்கவில்லை. அப்போது மில்லில் ஷிப்ட் முடிந்தால் நேரே குடி, குடித்தால் வீட்டில் அடி. குடிதான் அடித்தது, நான் இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ குடிப்பதில்லை. ஒரு சொட்டு தொட்டதில்லை என்று விஜியே சொல்கிறாள். அப்படியானால் என் கதையிலும் குடிமேல் போட்ட பழி பாதி பொய்தான் போல, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் விஜி உன் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் இருந்தேன். அவளாகவே சொன்னாள், அடிகூடப் பரவாயில்ல மாமா, அதுக்குப் பொறவு அவிய பண்ணுத ஜெபந்தான் எனக்குப் பயம் என்று. ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்தவுடன் நீ முழங்கால் போட்டு அவளையும் பக்கத்தில் முழங்கால் போட வைப்பாயாம். ஆண்டவரே இந்தப் பாவியை மன்னியும் என்று கதறி அழுவாயாம். முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்லு என்பாயாம். சொல்லாவிட்டால் எழுந்திருக்க விடமாட்டாய், சொல்லிவிட்டால் காப்பி போட்டுத் தா என்று கேட்பாய். ஏலே, அது யாருக்குலே அழுத கண்ணீர்? அதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் கன்வென்ஷன் கூட்டத்தில் மனந்திரும்பினேன். குடியும் நின்றது, அடியும் நின்றது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை, கர்த்தர் செய்தார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு புதுவருஷ ஆராதனையிலும் மைக்கைப் பிடித்து, பெண்டாட்டியை அடித்த பாவி நான், என்னை ஆண்டவர் தூக்கி எடுத்தார் என்று அழுதேன். சபை முழுக்க அல்லேலூயா என்றது. நீ முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பெருமையாகப் பார்த்தாய். உன் அம்மா பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள், அவளுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நான் நினைத்தேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன், போதகரிடம் கேட்டேன், சபையிடம் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒரு தடவை கேட்டதில்லை. அடிபட்டவள் ஒருத்தி, மன்னித்தவர்கள் வேறு யாரெல்லாமோ. அடித்துவிட்டு அழுதால் கைதட்டு கிடைக்கும் என்றுதான் நீ கற்றுக்கொண்டாய், கற்றுக்கொடுத்தவன் நான்.

பிப்ரவரியில் அவள் போன் பண்ணி என்னால முடியல மாமா என்று சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்பீக்கரில் போட்டு இருபது நிமிஷம் ஜெபித்தேன். புருஷனுக்குக் கீழ்ப்படிந்து நட, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று முடித்தேன். பிறகு உன்னிடம் பேசினேன், நீ அழுதாய், சரி, திருந்திவிட்டான் என்று தூங்கப் போய்விட்டேன். இப்போது வேதத்தில் அந்தப் பகுதியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மனைவிக்குச் சொல்லியிருப்பது மூன்று வசனம். அதன் பிறகு புருஷன் தன் உயிரைக் கொடுத்து அவளை நேசிக்க வேண்டும், தன் சொந்த உடம்பைப் போலப் பேண வேண்டும் என்று எட்டு ஒன்பது வசனம் போகிறது. நான் வாழ்நாள் முழுக்க அந்த மூன்றோடு புஸ்தகத்தை மூடி வந்திருக்கிறேன். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்று நீ சொல்வாய், சொல்லு. ரயிலேறினவள் பிரிக்கவில்லை எட்வின், கை ஓங்கின அன்றைக்கே நீ பிரித்துவிட்டாய்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று பாஸ்டரிடம் கேட்டாயாம். சொல்கிறேன். வந்த மறுநாள் குடும்ப ஜெபம் முடிந்து ஆசீர்வாதம் பண்ணுவதற்கு அவள் தலையில் வைக்கக் கையை உயர்த்தினேன். பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையோடு சுருண்டுவிட்டது. நான்கு வயது. இப்போது நான் கையைக் கட்டிக்கொண்டுதான் அவளுக்காக ஜெபிக்கிறேன்.

நீ பாஸ்டருக்குப் போன் போட்டு அழுததில் அவர் போன சனிக்கிழமை இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்தார். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை நீ வருகிறாயாம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்து ஜெபித்து, திங்கட்கிழமை அவளைப் புனேக்கு அனுப்பிவைப்பதாம். டிக்கெட் போட்டாகிவிட்டதாம். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் கிடையாது, அடியும் பட்டது கிடையாது. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா என்று அவர் கேட்டார். விஜி எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள். மன்னிப்பை நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிடுதேன் பாஸ்டர், அந்த வீட்டுக்கு மட்டும் போமாட்டேன் என்றாள். கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், வழக்கம்போல நான் அவளை அதட்டுவேன் என்று. மருமகள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள் என்று சொல்லி அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே இலவச சட்ட உதவியில் மாரிக்கனி என்று ஒரு வக்கீல் அம்மா மனு எழுதினார். நீங்க பொண்ணுக்கு அப்பாவா என்று கேட்டார், பையனுக்கு அப்பா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாளைக்குக் கோர்ட்டுல மாத்திப் பேச மாட்டீங்களே ஐயா என்றார். கோபம் வந்தது, யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று. ஆஸ்பத்திரியில் மாற்றிப் பேசினவன்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டரிடம் பொய் சொன்னது நான், பிப்ரவரியில் உதவி கேட்டவளைத் திருப்பி விட்டது நான், இவள் சொல்வது எல்லாம் உண்மை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். பஸ்ஸில் வரும்போது விஜிதான் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

பதினாறாம் தேதி விசாரணை. நீ அவளையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்கிறோம். பதினெட்டாம் தேதி டிக்கெட்டை ரத்து செய். அதையும் மீறி வந்து வாசலில் நின்றால் மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணப் போகிறது விஜி இல்லை, நான். நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன், சும்மா மிரட்டுகிறேன் என்று எண்ணிவிடாதே. அவளுக்குப் போன் பண்ணாதே, பாஸ்டர் மூலமாகவும் ஆள் விடாதே. நோட்டீஸ் வந்தால் கோர்ட்டுக்கு வந்து செய்ததைச் செய்தேன் என்று சொல். அங்கே கவுன்சலிங் கொடுக்கிற ஆட்கள் இருப்பார்கள், போ, ஒரு நாள் இரண்டு நாளில் தீருகிற வியாதி இல்லை இது. வேளைக்குச் சாப்பிடு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பிறகு நேற்று சாயங்காலம் அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அழவில்லை, முழங்கால் போடவில்லை, ஆண்டவரை நடுவில் இழுக்கவில்லை. உன்னை அடித்தேன், கையை ஒடித்தேன், அதை வைத்து மேடையில் பேர் வாங்கினேன், தப்பு என்று சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். கேட்டுட்டீங்கல்லா, யோசிச்சுச் சொல்லுதேன் என்றாள். இன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே போனாலும் போகலாம், எனக்கு அவசரப்படுத்த உரிமை கிடையாது. உனக்கும் கிடையாது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இன்றைக்குக் காலையில் முதலில் விஜியையும் பாப்பாவையும் உன்னிடமிருந்து காக்க வேண்டும் என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகுதான் உனக்காகக் கேட்டேன் மகனே, ரொம்ப நேரம் கேட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயாதுரை