சிலிம் ரிவர் அக்காவுக்குப் போகாத லெட்டர்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே நல்ல வெயில். சிலிபினில் வீட்டிலிருந்து ஆபிஸ் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஹெட்செட் பஞ்சு பிய்ந்துபோச்சு. புதுசு கேட்டால் அடுத்த மாதமாம். அம்மாவுக்கு முட்டித் தைலம் வாங்கணும்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் தமிழ் பேச நான் ஒருத்திதான். தமிழில் வரும் போன் காலெல்லாம் என் தலையில். இன்று சிலிம் ரிவர் அக்கா ஒருவர். பெயர் எழுதக் கூடாது. வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று லெட்டர் போனால்தான் ஆப்பரேஷன். இன்னும் போகவில்லை.

"எப்பம்மா வரும்? மனுசன் வலியில சுருண்டு கெடக்காரு."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதைத்தான் நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்காவின் ஃபைலைத் திறந்தேன். பாலிசி எடுத்தது போன வருடம். டாக்டர் எழுதியிருப்பது: மூன்று வருடமாக வலி. பாலிசிக்கு முந்தின நோய்க்கு லெட்டர் கிடையாது.

மறுபடி அக்கா. வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

"போன மாசந்தாம்மா. ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு வந்தாரு, அன்னைக்குத்தான் புடிச்சுச்சு. டாக்டர் கேட்டப்ப மூணு வருசம்னு நல்லா அழுத்திச் சொன்னேன்லா. அப்பத்தானே பாப்பாங்க!"

எனக்குச் சட்டென்று புரிந்தது. நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தானே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் நேற்றுதான் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைக் கொடுத்து பால்மரம் வெட்ட விரட்டுவார். ஒரு வாரமாக என்றால்தான் லீவு. எங்கள் ஆட்கள் யாரும் வலியை உள்ளபடி சொன்னதில்லை. தோட்டம் போச்சு, பழக்கம் போகவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லலாமா? எல்லா காலும் ரெக்கார்டு ஆகிறது. என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடும். சொல்ல எனக்கு அனுமதி உள்ளது ஒரே வாக்கியம்தான்: வலி எப்போது தொடங்கியது என்று டாக்டரிடம் திரும்ப எழுதி வாங்கி அனுப்பலாம். இரண்டு தடவை சொன்னேன், 'எப்போது' என்பதை இழுத்து.

"சரிம்மா, புரியுது."

ஆண்டவரே, புரிந்திருக்கட்டும்.

செப்டம்பர் 10, புதன்

மழை. அரை நாள் லீவு, அம்மாவை கிளினிக் கூட்டிப் போனேன். முட்டி எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "பத்து வருசமா டாக்டர்" என்றது அம்மா, முகத்தைச் சுளித்துக்கொண்டு. வலி வந்தது ஈஸ்டருக்கு அப்புறம்! வெளியே வந்து கத்தினேன்.

"அப்படிச் சொன்னாத்தான் நல்ல மருந்தா குடுப்பாங்க. ஒனக்கு என்னா தெரியும்? போலாம் வா."

சிரிப்புதான் வந்தது முதலில். பிறகுதான் சிலிம் ரிவர் அக்கா ஞாபகம்.

மதியம் டீம் லீடர் மே லிங்கிடம் அக்கா விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் எழுதினதைத்தான் பார்ப்பார்கள், போனில் நீ கேட்டதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாள். நல்லவள்தான். அவளாலும் ஆகாது.

செப்டம்பர் 11, வியாழன்

அக்கா குரலில் ஒரே உற்சாகம்.

"நீ சொன்னபடி செஞ்சிட்டேம்மா! டாக்டர் திரும்பக் கேட்டாரு. மூணு வருசம் பத்தல போலன்னு, அஞ்சு வருசமா துடிக்கிறாருன்னு சொல்லிட்டேன். எழுதி அனுப்பிட்டாரு. இனி லெட்டர் வந்துரும்லா?"

திரையில் பார்த்தால் வந்தேவிட்டது. ஐந்து வருடம், டாக்டர் கையெழுத்தோடு.

டாய்லெட்டில் போய் அழுதேன். உள்ளதைச் சொல்லுங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். அதில் என்ன குற்றம்? எந்த ரூலில் இருக்கிறது? பயந்து தொலைத்தேன். மேலிடத்துக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பினேன், நோயாளி வீட்டார் பயத்தில் கூட்டிச் சொன்னார்கள் என்று. சாயங்காலம் பதில்: மறுக்கப்பட்டது. முடிவு இறுதியானது.

பஸ் தவறிவிட்டது. தைலம் வாங்க மறந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெயில். கேண்டீனில் நாசி லெமாக் சோறு தீர்ந்துபோச்சு, பால் இல்லாத தே ஓ டீதான்.

மூன்று மணி வாக்கில் அக்கா. வீட்டுக்காரரை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். ஆப்பரேஷனுக்கு ஆட்கள் வரிசையில் இருக்கிறார்களாம், நாள் சொல்லவில்லை. இப்போது காய்ச்சல் வேறு. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்னச் சொல்லி என்னாம்மா. நீ தமிழ்ல பேசினியே, அதுவே பெருசு."

அங்கே யாரோ பெயர் கூப்பிடும் சத்தம். அக்கா போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நான் இன்னுங் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கணுமோம்மா?"

போனை வைக்குமுன் எல்லாரிடமும் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டேன்: வேறு ஏதாவது உதவி வேண்டுமாக்கா?