ஆறு படிக் கொலு

சான் ஹோசே
ஜனவரி 18, 2025

அன்புள்ள லீலாவுக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதற்கே உனக்கு நன்றி. வாட்ஸப்பில் நீ என்னை ப்ளாக் செய்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெயில் போட்டால் கிணற்றில் போட்ட மாதிரி இருக்கிறது. பிஸ்கட்டவே தபால்காரரை மட்டும் உன்னால் ப்ளாக் செய்ய முடியாது, அதனால்தான் இந்தக் காகிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'தி லாஸ்ட் சேர்' டிவி ஷோ தெரியுமல்லவா? சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் போட்டி போட்டு, வாரம் ஒருவராக வெளியேறி, கடைசியில் மிஞ்சுகிறவருக்கு முதலீடு கிடைக்குமே, அதில் என்னை எடுத்துக்கொண்டார்கள்! நம் மடக்குக் கொலுப்படியோடு போகிறேன். 'நம்' என்று எழுதியதை நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

கம்பெனி இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருக்கிறது. இதில் ஜெயிக்காவிட்டால் மூடிவிடுகிறேன் என்று வீட்டில் பத்ரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி நான்கு பேருக்கு இன்டர்வியூ உண்டு. அதற்கு முன்னால் பழைய பார்ட்னர்களுக்கு ஃபோன் செய்து விசாரிப்பார்களாம். உனக்கும் வரும். 2019-ஐப் பற்றிக் கேட்டால் பெரிதாக எதுவும் சொல்லிவிடாதே, லீலா. ப்ளீஸ்.

அபிகாயிலுக்கு என் அன்பு. இந்நேரம் உன்னைவிட உயரமாகியிருப்பாள்.

ஸ்வர்ணா

•

பிஸ்கட்டவே
ஜனவரி 27, 2025

ஸ்வர்ணா,

'அன்புள்ள' போடலாம் என்று பேனாவை எடுத்தேன், வரவில்லை. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் அளவுக்கு என் கோபம் இன்னும் இறங்கவில்லை.

உன் கடிதத்தை அபிகாயில் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். "நோ வே! ஸ்வர்ணா ஆன்ட்டி ஆன் தட் ஷோ?" என்று குதித்தாள். நானும் அவளும் அந்த ஷோவில் ஒரு வாரத்தைக்கூட விட்டதில்லை. இன்டர்வியூ வாரம் வந்தால் அந்தோணிகூட ரிமோட்டைக் கேட்கமாட்டார்.

அந்த இன்டர்வியூ அறை ஒரு விசித்திரமான இடம், ஸ்வர்ணா. ஒன்பது வாரம் புலியாகத் திரிந்த ஆட்கள் அங்கே போய் உட்கார்ந்ததும் என்னவோ ஆகிவிடுகிறது. நானும் அபிகாயிலும் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிட்டு, தண்ணீர் கிளாஸைத் தேடுகிறவர் 'தாகசாந்தி'. என்ன கேட்டாலும் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைப்பவர் 'மெழுகுவத்தி'. போன வருஷம் ஒரு பையன் பெரிய யுனிவர்சிடியில் படித்ததாக எழுதியிருந்தான். கடைசியில் பார்த்தால் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. அதைச் சிரித்துக்கொண்டே விளக்கினான் பார், அபிகாயில் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு ஆளை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

போகட்டும். 2019-ஐப் பற்றிச் சொல்லாதே என்கிறாய். எதைச் சொல்லக் கூடாது? பாக்டரியில் பேக்கிங் மிஷின்களோடு மாரடிக்கிறவள் நான். அந்தப் படிகளை மடக்கும் கீலை நான்தான் டிசைன் செய்தேன். இங்கே பக்கத்தில் எடிசனில் ஒன்பது வீட்டுக் கொலுவுக்கு அளவு டேப்போடு போனேன், ஒன்பது வீட்டிலும் சுண்டல் தின்றேன். படி ஆறா ஏழா என்று உன்னைக் கேட்டேன். ஆறு என்றாய். இருநூறு பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் கொலுப்படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. இருநூறும் திரும்பி வந்தது. எனக்குத் தெரியாது என்பதால்தானே உன்னைக் கேட்டேன்?

கோயில் ஹாலில் அத்தனை பேர் நடுவில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லீலா கிறிஸ்டியன் இல்லையா, பாவம், அவளுக்கு என்ன தெரியும்?" அந்தப் 'பாவம்'தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவரும் என்னைக் கொலுவுக்குக் கூப்பிட்டதில்லை.

உன் அப்ளிகேஷனில் என்ன எழுதியிருக்கிறாய்? அதை மட்டும் சொல்.

ஜெயலீலா

•

சான் ஹோசே
பிப்ரவரி 5, 2025

அன்புள்ள லீலா,

நீ கேட்பாய் என்று தெரியும். 'பார்ட்னரின் கவனக்குறைவால் முதல் வருஷம் நஷ்டம்' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

ஆறு என்று நான் ஏன் சொன்னேன் தெரியுமா? மாம்பலத்தில் எங்கள் வீட்டில் ஆறு படி கட்டி, அதற்குப் பின்னால் ஒரு மேஜையைப் போட்டு, அதன்மேல் கலசம் வைப்பார்கள். மேஜையைச் சேர்த்து ஏழு. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எண்ணிப் பழகினேன். அந்த மேஜை எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெட்டிகள் திரும்பி வந்தபோது கோயில் ஹாலில் விசாலாக்ஷி மாமி எல்லார் முன்னாலும் "யாரு இப்படிப் பண்ணினா?" என்று கேட்டார். பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் 'அதானே' என்று தலையாட்டியதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு தடவை சொன்னதை அதன்பிறகு மாற்ற முடியவில்லை.

அங்கிருந்து குடிமாறியபோது ஏற்றிவந்த அந்தப் பெட்டிகள் இன்னும் எங்கள் கராஜில்தான் இருக்கின்றன. பத்ரியின் கார் ஐந்து வருஷமாக வெயிலில் நிற்கிறது.

அடுத்த வாரம் ஷூட்டிங். அதன்பிறகு ஒளிபரப்பாகும்வரை எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். நீ ஃபோனில் உண்மையைச் சொன்னால் நான் அதோடு காலி. சொல்லாதே என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

ஸ்வர்ணா

•

பிஸ்கட்டவே
ஆகஸ்ட் 22, 2025

அன்புள்ள ஸ்வர்ணா,

நேற்று பார்த்தோம். இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஃபோன் விஷயம். ஏப்ரலில் ஷோவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். "அதை ஸ்வர்ணாவிடமே கேளுங்கள்" என்று வந்தது. உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, மாட்டிவிடச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

உனக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். இரண்டு தாகசாந்தி, ஒரு மெழுகுவத்தி. பிறகு நீ, அந்த அரக்குப் பட்டுப்புடவையில். இன்டர்வியூ எடுக்கும் வெள்ளைத் தலைமுடிக்காரி உன் ஃபைலைப் புரட்டியதும் அபிகாயில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஷீ இஸ் கோயிங் டு லை" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் பழைய பார்ட்னருக்கு ஃபோன் செய்தோம். உங்களிடமே கேட்கச் சொல்லிவிட்டார். கேட்கிறேன். அந்த இருநூறு பெட்டி யாருடைய தவறு?" என்றாள்.

நீ தண்ணீரைத் தேடவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த அம்மாளை நேராகப் பார்த்துச் சொன்னாய். "என்னுடையது. ஃபார்மில் எழுதியிருப்பது பொய். அவள் பெயர் ஜெயலீலா. அவள் சரியாகத்தான் கேட்டாள், நான் தப்பாகச் சொன்னேன். அவள் வேறு மதம் என்பதால் பழியை அவள்மேல் போடுவது சுலபமாக இருந்தது."

"இதைச் சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொன்னீர்கள்?"

"அவள் இந்த ஷோவை ஒரு வாரம்கூட விடமாட்டாள்."

அந்தோணி சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அபிகாயில், "அம்மா, வீ டோன்ட் ஹேவ் எ நேம் ஃபார் திஸ் ஒன்" என்றாள். நான் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரமிப்பு என்ற வார்த்தையை எத்தனையோ தடவை சும்மா உபயோகித்திருக்கிறேன். நேற்றுதான் அது என்ன என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த ஸ்வர்ணாவா இது? கடைசியில் உன்னை வெளியே அனுப்பினார்களே, அப்போதும் நீ அந்த அம்மாளுக்குக் கை கூப்பிவிட்டு வந்தாய். நாடே பார்த்த அந்த நிமிஷத்தில் இந்தப் பூமியில் உன்னைவிடத் துணிச்சலான பொம்பளை இருந்திருக்க முடியாது.

அதனால்தான் இனி என்னாலும் மறைக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். அதில் ஒரு பலகை, இரண்டு கால், நான்கு கொக்கி. உன் ஆறு படிக்குப் பின்னால் மேலே மாட்டிக்கொள்ளும் ஏழாவது படி. உன் வீட்டு மேஜை இருந்த அதே இடம். வரைபடமும் இருக்கிறது. அதன் மூலையில் உள்ள தேதியைப் பார். அக்டோபர் 2019. நாம் சண்டை போட்ட மூன்றாம் வாரமே வரைந்துவிட்டேன். எனக்கு இரண்டு சாயங்காலம்தான் ஆனது. அப்போதே அனுப்பியிருந்தால் அடுத்த நவராத்திரிக்கு இருநூறும் விற்றிருக்கும். அனுப்பவில்லை. நீ தடுமாற வேண்டும் என்று டிராயரில் வைத்துப் பூட்டினேன். நீ பயத்தில் ஒரு நாள் சொன்னாய். நான் ஆற அமர யோசித்து ஆறு வருஷம் செய்தேன். எது பெரிய தப்பு என்று நீயே சொல். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் முதல் சாம்பிள் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் அதன்மேல்தான். ஆறு படியாக இருப்பதைப் பற்றி குழந்தை யேசு ஒன்றும் சொன்னதில்லை.

வாட்ஸப்பில் ப்ளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் நீ தபாலிலேயே எழுது. காகிதத்தில்தான் நாம் இரண்டு பேரும் உண்மை பேசுகிறோம்.

உன்
லீலா

•

சான் ஹோசே
செப்டம்பர் 6, 2025

என் லீலாவுக்கு,

பார்சல் வந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன், ரொம்ப நன்றாகவே வந்தது. டிராயரில் வைக்கலாமா என்று யோசித்தேன். டிராயர் என்றதும் உன் ஞாபகம் வந்து, கிழித்துப் போட்டேன்.

எது பெரிய தப்பு என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்தும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன்.

பத்ரி கராஜில் ஒரு பெட்டியைப் பிரித்து உன் பலகையை மாட்டிப் பார்த்தார். கொஞ்சம்கூட ஆடாமல் உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ரெண்டு பேருக்கும் மண்டையில என்னதான்டி இருக்கு? என் கார் அஞ்சு வருஷமா வெயில்ல காயறது!" என்றார். அப்புறம் கம்பெனியை மூடுவது பற்றி அவர் பேச்சையே எடுக்கவில்லை. மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் கொக்கி செய்ய எத்தனை நாள் ஆகும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

இருபத்திரண்டாம் தேதி நவராத்திரி ஆரம்பம். உங்கள் மூன்று பேருக்கும் பத்ரி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் நான் கொலுவுக்கு அழைக்கும் முதல் ஆள் நீதான். ஏழாவது படியில் கலசம் வைத்துவிடுவேன். கீழ்ப்படியில் செட்டியார் கடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உன் குடிலில் ஒரு ஒட்டகம் இருக்குமே, காது உடைந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வா.

ஸ்வர்ணா