இறந்தவர் வைத்திலிங்கம் அல்லர்

அனுப்புபவர்:
சி. வைத்திலிங்கம்,
இளைப்பாறிய பிறப்பு இறப்புப் பதிவாளர் (யாழ்ப்பாணம்),
பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல், கனடா.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி,
தேசிய ஆவணக் காப்பகம், நோர்வே.

விடயம்: என் மகன் நகுலேஸ்வரனின் இறப்பு, என் பெயரில் பதிவாகியிருப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

1. நான் உயிருடன் இருக்கிறேன் என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஓய்வூதியத்திற்காக ஆண்டுதோறும் அனுப்பும் உயிர்வாழ் சான்றிதழின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அதையும் தங்கள் காப்பகம் அனுப்பிய இறப்புப் பதிவின் பிரதியையும் ஒன்றாகப் பார்த்த இங்குள்ள நோட்டரி, இவற்றில் நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

2. என் மகன் 1986இல் மாணவனாகத் தங்கள் நாட்டுக்கு வந்தான். பின்னர் வடகரை ஊரொன்றில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தான். 1989 மார்ச் 11இல், இருபத்தாறாவது வயதில், நுரையீரல் காய்ச்சலால் அங்கேயே இறந்தான். நாட்டு நிலைமை காரணமாக எங்களால் போக முடியவில்லை. அவனுடன் வேலை செய்த தேவதாசன் என்பவர்தான் அடக்கம் செய்துவிட்டுக் கடிதம் எழுதினார்.

3. சென்ற ஆண்டு என் மகள் குணேஸ்வரி அவனுடைய பதிவுகளைக் கேட்டுத் தங்களுக்கு எழுதினாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று முதலில் பதில் வந்தது. ஆனால் தங்கள் அலுவலர் அக்னெஸ் அம்மையார் அத்துடன் விட்டுவிடவில்லை. பிறந்த தேதியை வைத்துத் தேடி, மூடப்பட்ட அந்த ஆலையிலிருந்து தங்களிடம் வந்த பெட்டிகளில் அவனுடைய வேலைப் படிவத்தைக் கண்டெடுத்து, இறப்புப் பதிவின் பிரதியுடன் அனுப்பினார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பு பார்த்திராத ஒரு காகிதத்தில் என் பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்தேன். அந்த அம்மையாருக்கு என் நன்றியைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

4. பிழை அந்தப் படிவத்திலேயே தொடங்குகிறது. பிழை விட்டவன் என் மகன்தான். படிவத்தில் முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உள்ளன; தங்கள் வழக்கில் முன்பெயர் சொந்தப் பெயர், பின்பெயர் குடும்பப் பெயர். எங்கள் வழக்கில் முன்னால் எழுதுவது தகப்பன் பெயர், பின்னால் எழுதுவது சொந்தப் பெயர். அவன் கேட்டபடியே முன்பெயர் வைத்திலிங்கம், பின்பெயர் நகுலேஸ்வரன் என்று அழகாக எழுதியிருக்கிறான். அன்றிலிருந்து ஆலையில் அவன் வைத்திலிங்கம் ஆனான். பிறகு அது சுருங்கி வைத்தி ஆனதாம். என் மனைவிகூட ஒரு நாளும் சொல்லாத பெயரை அந்த ஊரே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

5. அவன் அப்போது எனக்கு எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது: “அப்பா, இஞ்சை எல்லாரும் உங்கடை பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடினம். முதல் கிழமை முழுக்க, நீங்கள்தான் வந்து நிக்கிறியளோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தனான்.” அன்று இதை வாசித்து நான் சிரித்தேன்.

6. அவன் இறந்தபோது விவரம் கொடுத்த ஆலை அலுவலகத்தாருக்குத் தெரிந்ததும் அந்தப் பெயர்தான். நகுலேஸ்வரன் என்பது நீளம் என்று ஓர் எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். பதிவில் இருப்பது “வைத்திலிங்கம், ந.” என்பதாகும். எங்களில் தகப்பன்தான் பிள்ளையின் பெயருக்கு முதலெழுத்தாக நிற்பான். அங்கே என் பிள்ளை எனக்கு முதலெழுத்தாகக் கிடக்கிறான்.

7. அவனுடைய பிறப்பை 1962இல் பதிந்தவன் நானே. தகவல் தந்தவரும் நான், பதிவாளரும் நான். இரண்டு இடத்திலும் கையொப்பம் வைத்தேன். அந்தப் பதிவேடு போரில் கட்டடத்தோடு எரிந்தது. நகலும் இல்லை என்று எழுத்தில் தந்துவிட்டார்கள். ஆகவே அவன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு அரசாங்கக் காகிதம் என்று இருப்பவை தங்கள் களஞ்சியத்தில் உள்ளவை மட்டுமே. வெளிநாட்டுக் கூலியாள் ஒருவனின் படிவம்தானே என்று வீசிவிடாமல் வைத்திருந்தீர்கள். அதற்காக நான் தங்களுக்குக் கடமைப்பட்டவன்.

8. மூலப் பதிவில் கை வைக்க வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகள் பதிவேடு எழுதியவன் நான். பிழையான எழுத்தை ஒரு நாளும் சுரண்டியதில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் திருத்தம் எழுதிக் கையொப்பம் இடுவோம். தங்கள் பழைய தேவாலயப் பதிவேடுகளிலும் மக்கள் தகப்பன் பெயரோடுதான் இருக்கிறார்கள் என்று அக்னெஸ் அம்மையார் எழுதியிருந்தார். நீங்கள் அதைப் பின்னால் வைத்தீர்கள், நாங்கள் முன்னால் வைக்கிறோம். எனவே என் சங்கடம் தங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

9. நான் வேண்டுவது ஒரு குறிப்பு மட்டுமே. தங்கள் பெயர்ப்பட்டியலில் ‘நகுலேஸ்வரன்’ என்று ஒரு சீட்டு எழுதி, அதிலிருந்து அந்தப் பதிவுக்கு வழி காட்டுங்கள். இந்த மனுவையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். குணேஸ்வரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. இருப்பினும் மூலம் தமிழ்ப் பிரதியே எனக் கொள்ளவும்.

10. எனக்கு எண்பத்தொரு வயதாகிறது. விரைவில் என் இறப்பும் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறும். அன்றைக்கு என் பெயர் எனக்குத் தேவைப்படும். அதற்கு முன் அவனுடைய பெயரை அவனிடம் கொடுத்துவிடும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மொன்றியல்
தேதி: 14.02.2008

இப்படிக்கு,
சி. வைத்திலிங்கம்
(நகுலேஸ்வரனின் தகப்பன்)