காலமான எறும்புகள்

மார்ச் 4
ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது, இரண்டாவது முறையாக. வெயில் ஏறினால் எறும்புகள் எப்படி வழி மாறுகின்றன, எத்தனை செத்து விழுகின்றன என்று மூன்று வருடம் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தவள் நான். மதிப்பீட்டாளர் எறும்பைப் பற்றி மூச்சு விடவில்லை. 'ஆங்கிலம் சரியில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

மார்ச் 5
நெறியாளர் சாரிடம் போனேன். "உன் வாக்கியமெல்லாம் பொடிசா இருக்கும்மா. கனமா எழுது. படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கணும்."
வாங்கட்டும்.

மார்ச் 19
கனப்படுத்தியாயிற்று. மொழியைச் செப்பனிடும் மென்பொருளிலும் போட்டு எடுத்தேன். எனக்கே புரியவில்லை. சாருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மே 28
மறுபடியும் திரும்பியது. 'டெட்' என்பது மென்பொருளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும், காலமானவர்களுக்குப் போடும் 'லேட்' என்று மாற்றிவிட்டது. நான் கவனிக்கவில்லை. மதிப்பீட்டாளர் கேட்கிறார்: இந்த எறும்புகள் எங்கிருந்து தாமதமாக வந்தன?
சிரித்தேன். அப்புறம் குளியலறையில் போய் அழுதேன். என்னதான் பண்ணித் தொலைக்கிறது—

மே 30
பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கும் என் அக்கா, "படி, கேக்கறேன்" என்றாள். அவள் கொட்டாவி விட்ட இடத்தையெல்லாம் வெட்டினேன். முதல் இரண்டு பக்கமும் போயிற்று. "இப்பதான்டி எறும்பே வருது."

ஜூன் 7
கட்டுரை பாதியாகிவிட்டது. சார் பெயரும் இருப்பதால் அவரிடம் காட்டாமல் அனுப்ப முடியாது. தடித்த தாளில் அச்சடித்து, அட்டையும் போட்டு, அவர் ஊருக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துப் போனேன். "மாத்தி எழுதியிருக்கேன் சார். படிச்சுப் பாக்கறீங்களா?"
"கனமா இருக்குல்ல?"
கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். "ம். அனுப்பிடு."
பொய் சொன்னேனா? கனமா என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையே.

செப்டம்பர் 2
ஏற்றுக்கொண்டார்கள். 'தெளிவான நடை' என்று ஒரு வரி வேறு. நாலு தடவை படித்தேன். அக்கா ஐந்தாவது தடவை.

செப்டம்பர் 15
துறைக் கூட்டத்தில் சார் பேசினார். "சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்கப்பா. இவகிட்ட முதல்லேருந்தே அதத்தான் சொல்லிட்டிருந்தேன்." பவ்யமாகத் தலையாட்டினேன்.
கூட்டம் கலைந்ததும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு தாள்கட்டைக் கையில் திணித்தார். "என்னோடது ஒண்ணு திரும்பி வந்திருக்கு. சும்மா ஒரு தடவை பாரும்மா. யார்கிட்டயும் சொல்லாத."
முதல் வாக்கியம் பதினொரு வரி.
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.