அப்பாவின் நீளக் கைகள்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
பெப்ரவரி 9

அன்பு மகள் றொஷினிக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் இங்கே சுகம், வினிபெக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன், உண்மையைச் சொன்னால் எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. பனியில் வழுக்கி முறிந்த கால் இன்னும் மாக்கட்டோடுதான், பஸ் தரிப்பிடம் வரைக்கும்கூட நடக்க முடியாது, உன் அண்ணன் டினோஜனும் மச்சாள் ஜெயனியும் காலையில் காரில் போனால் இருட்டின பிறகுதான் வருவார்கள். அதுவரை நானும் இந்த வெள்ளைச் சுவர்களும்தான். வீட்டைக் குறை சொல்ல முடியாது, ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை, குஷனைக்கூட ஜெயனி அளந்து வைத்துவிட்டுப் போகிறாள், நான் சாய்ந்து எழும்பினால் வந்து மறுபடி நேராக்குவாள். நல்ல பிள்ளைதான், என்னை ஒரு சொல் ஏசியதில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். கைப்பிடியில் துணி சுற்றிய என் பழைய கதிரை கண்ணுக்கு உறுத்துகிறதாம், பேஸ்மென்டுக்குப் போய்விட்டது.

இப்படிச் சும்மா இருந்து சுவரைப் பார்த்தபோதுதான் நீ பென்சிலால் கீறிய படம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதில் நீ அப்பாவைக் கீறினாய், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை முடிந்து வருகிற கோலம், இரண்டு கையும் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கை இவ்வளவு நீளமா என்று சிரித்தேன், சிரித்ததோடு விட்டேனா, அழிறப்பரால் அழித்து அளவாக நானே கீறித் தந்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு படமும் எனக்குக் காட்டவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து நான்கு வருடம், ஸ்டூடியோவில் எடுத்த படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் அவர் இல்லை. வேலை முடிந்து வாசலில் நிற்கும்போது அவர் கை அப்படித்தான் தொங்கும், மகள். நீ பார்த்ததைத்தான் கீறினாய், நான்தான் பார்க்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

இப்போது என்ன கீறுகிறாய் என்று போனில் கேட்டபோது, அப்பாவைக் கீறத் தொடங்கினனான், சரிவரேல்லை அம்மா, சரிவந்தாப் பேந்து அனுப்புறன் என்றாய். சரிவர வேண்டாம். நேற்று ஒருவரும் இல்லாத நேரம் ஒற்றைக் காலில் நின்று முன் ஹோல் சுவரில் நானே ஆணி அடித்தேன், இரண்டு தரம் தவறி இரண்டு ஓட்டை, மூன்றாவதாக அடித்ததும் சரிந்துதான் நிற்கிறது. ஜெயனி வந்ததும் கீழே கொட்டியிருந்த சுவர்த் தூளைக் கூட்டி அள்ளினாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஓட்டை அடைக்க ஆள் வருது அம்மா என்று டினோஜன்தான் சொன்னான். மகளின் படம் வருகிறது, ஒருவரும் ஆணியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் உன் கண்ணையும் கையையும் ஆசீர்வதிப்பாராக. வெறுவயிற்றில் வேலைக்குப் போகாதே, தலையை மூடிக்கொண்டு வெளியே போ. படம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே சுற்றி அனுப்பு. அப்பாவின் கையை மட்டும் திருத்தாதே.

ஆணிக்குக் காவல் இருக்கும்
உன் அம்மா
இமெல்டா