புதன்கிழமை நான் கூப்பிடவில்லை

செலண்டார், மலாக்கா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை கிருஷாந்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா இருக்கிறார், அவ்வளவுதான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்கிறார். இது அவர் கேட்கக்கூடிய பேச்சு இல்லை, அதனால் அவர் மதியம் தூங்கும் நேரம் பார்த்துச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டயாலிசிஸ் தொடங்கி பதினோரு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரைக்கு வேன் ஓட்டும் ஷங்கர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி ஜாசினில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போகிறான். போனவுடன் எடை பார்ப்பார்கள், கையில் இரண்டு ஊசி குத்துவார்கள், பிறகு நாலு மணி நேரம் அவர் படுத்திருக்க நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், இவர் குளிக்கப் போகிற சாக்கில் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு வருகிறார். மூன்று கிலோ ஏறிப் போய் நின்றால் நர்ஸ் மிஸ்ஸி அவரைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறாள், "அக்கா, நீங்கதான் பாத்துக் குடுக்கணும் லா" என்கிறாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார், நானே அவர் தொண்டையில் ஊற்றியதுபோல. வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டைக் கண்டால் தட்டைத் தள்ளுகிறார். போன மாதம் அப்படித் தள்ளியது என் கால் மேல் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, குறுக்கே நின்றது யார் குற்றம் என்று கேட்டார். ஆனால் டயாலிசிஸ் சென்டரில் என்னைப் பாராட்டாத ஆளில்லை, இப்படி ஒரு சம்சாரம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம்போல இருக்கும்.

உன் கல்யாணத்தன்று நான் ஏன் வரவில்லை என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. பையன் வேதக்காரன், சிலோன்காரன், போகிறவள் போகட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா விடிந்ததிலிருந்து வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். பத்தரைக்கு மலாக்காவில் சர்ச்சில் மோதிரம் மாற்றியிருப்பாய். பதினொன்றுக்கு அவர் திரும்பிப் பார்த்து, புடவையை மாற்றிவிட்டு உலை வை என்றார். நானும் வைத்தேன். தாண்டிப் போயிருந்தால் என்ன செய்திருப்பார், அடித்திருப்பார், அடி வாங்குவது எனக்குப் புதிதா என்ன. போகாதது என் குற்றமும்தான்.

போன புதன்கிழமை மூன்றாவது மணி நேரத்தில் கோடிக் கட்டிலில் இருந்த ஒருவருக்கு ஏதோ ஆகி மிஸ்ஸிகள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். அந்த நேரத்தில் அப்பா இரண்டு தடவை கொட்டாவி விட்டார், நெற்றியெல்லாம் வேர்த்தது, உதடு வெளுத்தது. பிரஷர் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும், முன்பு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், உடனே கூப்பிட்டால் காலைத் தூக்கி வைத்து மருந்துத் தண்ணீர் ஏற்றுவார்கள், சரியாகிவிடும். நான் கூப்பிடவில்லை, ஷாமினி. வாய் வராமல் இல்லை, நான்தான் திறக்கவில்லை. மடியில் இருந்த துண்டை மடித்தேன், பிரித்து மறுபடியும் மடித்தேன். கண் செருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெத்தம்மாள்தான் படுத்தபடியே மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கத்தினாள். ஓடிவந்து காப்பாற்றிவிட்டார்கள். "பயத்துல வாயடைச்சுப் போச்சு, பாவம்" என்று பெத்தம்மாள் எல்லோரிடமும் சொன்னாள், மிஸ்ஸி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றும்போது அவர் என் முகத்தைப் பார்த்து, "நான் கண்ண முழுசா மூடல, நீ துண்டு மடிச்சிக்கிட்டு இருந்த" என்றார். திட்டுவார் என்று இருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உன் எடத்துல நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றார். என்னைப் புரிந்துகொண்டு சொன்னாரா, இந்த நோய் எனக்கு வந்திருந்தால் என்னைச் சாக விட்டிருப்பார் என்பதைத்தான் சொன்னாரா, எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் வேன் வந்தது, போனோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா உன்னைப் பார்க்கத் துடிக்கிறார் என்று போன மாதம் சென்டர் வாசலில் நின்று ஷங்கரின் போனில் இரண்டு வார்த்தை சொன்னேனே, அது பொய். அவர் ஒரு நாளும் உன் பேரை எடுக்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு, அதை என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அவர் தலையில் போட்டுவிட்டேன். அதை நம்பி நீ லீவு போட்டு டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்பார், கையைப் பிடித்து அழுவார் என்று நினைத்து வந்து நிற்காதே, மகளே. இன்னமும் அவர் உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்த பிறகும் இந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. டிக்கெட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

வருவதாக இருந்தால் திங்கள், புதன், வெள்ளி இல்லாத நாளாக வந்து இறங்கும்படி பார்த்துக்கொள். அந்த மூன்று நாளில் காலையில் வந்தால் வீடு பூட்டியிருக்கும். நீ வருகிறாய் என்பதற்காக நான் அவரைத் தனியாக அனுப்ப முடியாது, இனிமேல் முடியவே முடியாது.

மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
கிருஷ்ணவேணி